கம்பி உயிரோடு இருக்கின்றதா?



கணினியைத் திறந்தவுடன் திரையின் அடியில் நீண்ட பட்டை ஒன்று தோன்றுவதை நீங்கள் நாள்தோறும் காண்கின்றீர்கள். பணிப்பட்டை என்று அதற்குப் பெயர். அதன் வலக்கோடியில், மணியைக் காட்டும் எண்களுக்கு அருகில், நகத்தளவுகூட இல்லாத சிறு படம் ஒன்று இருக்கும். இணையத் தொடர்பு உண்டா இல்லையா என்று அறிவிப்பதே அதன் தொழில். சில வேளை அது விசிறிபோல் விரிந்த வளைவுகளாக இருக்கும். சில வேளை ஒரு திரையும் கம்பியுமாக இருக்கும். சில வேளை உலக உருண்டையாக இருக்கும். குறை ஏதேனும் நேர்ந்தால், மஞ்சள் முக்கோணத்துக்குள் ஒரு வியப்புக்குறி வந்து அமர்ந்துகொள்ளும். இத்துணைச் சிறிய படத்துக்கு வரலாறு ஏது என்று நீங்கள் கேட்கலாம். உண்டு, நூற்றெண்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

ஜவ்வாது மலையில் நெடுங்காலம் ஆசிரியப் பணி புரிந்தவன் நான். "டவர் இருக்கிறதா?" என்பது இம்மலையில் ஒருவரையொருவர் நலம் விசாரிப்பதற்கும் முன்பாகக் கேட்கப்படும் கேள்வி. கோபுரம் எங்கே போய்விடும்? நட்ட இடத்தில்தான் நிற்கின்றது. கேட்பவரின் கருத்து அதுவன்று என்பது நமக்குத் தெரியும். ஆயினும் அந்தக் கேள்விக்குள் மூன்று தனிக் கேள்விகள் அடங்கிக் கிடக்கின்றன. என் கையிலுள்ள கருவி அடுத்த கருவியோடு இணைந்திருக்கின்றதா? அடுத்த கருவி என்னை ஏற்று விடையளிக்கின்றதா? அதற்கும் அப்பால், நான் தேடும் தொலைவிடம் வரை வழி திறந்திருக்கின்றதா? இம்மூன்றையும் ஒரே படத்தால் காட்ட முயன்ற கதையையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகின்றேன்.

மின்சாரம் ஓடும் கம்பிக்கு அருகே வைத்த காந்த ஊசி திரும்புகின்றது என்பதை டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஊர்ஸ்டெட் 1820-இல் கண்டார். 1837-இல் இங்கிலாந்தில் குக், வீட்ஸ்டன் என்னும் இருவர் அந்த ஊசியைக் கொண்டே செய்தி அனுப்பும் தந்திக் கருவிக்கு உரிமம் பெற்றனர். நம் நாட்டில் ஓ'ஷாநசி என்னும் மருத்துவர் 1839-இல் கல்கத்தாவில் தந்திச் சோதனைகள் நடத்தினார். 1851-இல் கல்கத்தாவுக்கும் டயமண்டு துறைமுகத்துக்கும் இடையே தந்தி ஓடிற்று. 1855-இல் பொதுமக்களுக்கும் தந்தி நிலையங்கள் திறக்கப்பட்டன.

அந்த ஊசி அசைந்தால் கம்பி உயிரோடு இருக்கின்றது என்று பொருள். அசையாவிட்டால்? இங்கேதான் சிக்கல். எதிர்முனையில் இருப்பவர் பேசவில்லை என்றும் கொள்ளலாம். நடுவழியில் கம்பி அறுந்து விழுந்தது என்றும் கொள்ளலாம். பேசாதவனும் செத்தவனும் ஊசிக்கு ஒன்றே! அமெரிக்கத் தந்திக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். செய்தி இல்லாத வேளையிலும் கம்பியில் மின்சாரத்தை ஓடவிட்டு வைத்தனர். கம்பி அறுந்த நொடியிலேயே ஓட்டம் நின்றுவிடும். செய்தி உண்டாயினும் இல்லையாயினும் அறுந்தது தெரிந்துவிடும். ஐரோப்பியர் பெரும்பாலும் செய்தி அனுப்பும்போது மட்டுமே மின்சாரம் செலுத்தினர். மின்கலச் செலவு மிச்சம்; ஆனால் அமைதிக்குப் பொருள் தெரியாது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்குப் பயன்படும்.

கடலடித் தந்தியின் கதை இதனினும் சுவையானது. அட்லாண்டிக் கடலின் அடியில் அயர்லாந்துக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையே 1858 ஆகஸ்டில் முதற் கம்பிவடம் இட்டு முடித்தனர். விக்டோரியா அரசியார் அனுப்பிய வாழ்த்தில் இருந்தவை தொண்ணூற்றெட்டுச் சொற்கள். அவை போய்ச் சேரப் பதினாறு மணி நேரம் ஆயிற்று. நியூயார்க்கு மக்கள் வாணவேடிக்கை விட்டுக் கொண்டாடியதில் அந்நகர மன்றக் கட்டடத்தின் கூரையே தீப்பற்றியது. ஆனால் செப்டம்பர் தொடங்கியதும் வடம் வாய் மூடிவிட்டது. அத்துணை நீண்ட வடத்தின் வழியே வரும் நலிந்த மின்சாரத்தைக் காண்பதற்கென்று வில்லியம் தாம்சன் என்னும் அறிஞர் ஒரு கருவி அமைத்திருந்தார். பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்றவர் அவரே. நுண்ணிய காந்தத்தின்மேல் ஒரு சிறு கண்ணாடி. அதில் பட்டுத் திரும்பும் விளக்கொளி, எதிரேயுள்ள அளவுகோலின்மீது ஒரு புள்ளியாக விழும். மின்சாரம் சிறிதே வந்தாலும் புள்ளி நகரும்.

1865-இல் மற்றொரு வடத்தை இட்டுச் செல்லும்போது அது நடுக்கடலில் அறுந்து ஆழத்தில் மறைந்தது. அறுந்த வடத்தின் ஒருமுனை மட்டும் அயர்லாந்தின் வாலன்சியாத் தீவு நிலையத்தில் இருந்தது. மறுமுனையில் எவரும் இல்லை. அது கடற்சேற்றில் கிடந்தது. ஆயினும் அந்நிலையத்தார் ஓராண்டுக்கும் மேலாக அந்த ஒளிப்புள்ளியைக் கவனித்து வந்தனர். 1866 செப்டம்பர்த் தொடக்கத்தில் ஒரு விடியற்காலை, அந்தப் புள்ளி அசைந்தது. 'கிரேட் ஈஸ்டர்ன்' என்னும் கப்பல் கடலடியிலிருந்து வடத்தைத் தூக்கியெடுத்து, கப்பலிலிருந்தே செய்தி அனுப்பியிருந்தது! இணைப்பு நிலையைக் காட்டும் குறிகளின் வரலாற்றில் இதற்கு ஈடான ஒரு காட்சியை நான் படித்ததில்லை.

நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. 1870-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திவடம் இடப்பட்டது. அதற்கு நூற்று முப்பது ஆண்டுகள் கடந்து, 2002-இல், அதே சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஒளியிழை வடம் ஒன்று இணையத்துக்காக இடப்பட்டது. செம்புக்கு மாற்றாகக் கண்ணாடி இழை. தந்திக் குறிப்புக்கு மாற்றாகப் படமும் பாட்டும். வடத்தின் இரு முனையிலும் இருப்போர் கேட்கும் கேள்வி மட்டும் மாறவில்லை. இந்நாட்டின் தந்திச் சேவையோ 2013 ஜூலை மாதத்தோடு நிறைவுற்றது.

வானொலியில் பேசும்போது வானொலிப் பெட்டியை மறப்பது முறையன்று. என் இளமையில் பஞ்சாயத்துக் கட்டடத்தில் இருந்த வால்வு வானொலிப் பெட்டியில் ஒரு பச்சைக் கண் இருந்தது. நிலையத்தைச் சரியாகப் பிடித்தால் அக்கண்ணின் நிழல் சுருங்கி ஒன்றுகூடும், தவறினால் விரியும். மாயக்கண் என்று அதனை வழங்குவர். 1935-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த வால்வு வகை அது. அலை வலிமையாக வருகின்றது என்பதை மட்டுமே அக்கண் சொல்லும். வருவது தமிழ்ச் செய்தியா, வேற்று மொழிப் பாட்டா, நிலையத்தார் வெறுமனே விட்டுவைத்த இரைச்சலா என்பதை அது அறியாது. இதுவும் நினைவில் இருக்கட்டும்.

இனிக் கணினிக்கு வருவோம். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் முதற்செய்தி சென்ற நாள் 1969 அக்டோபர் 29. கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து தொலைவிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிலையக் கணினிக்கு 'லாகின்' என்னும் சொல்லை எழுத்தெழுத்தாக அனுப்பத் தொடங்கினர். ஒவ்வோர் எழுத்தையும் தட்டியபின், "வந்ததா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டது எதைக் கொண்டு என்று நினைக்கின்றீர்கள்? தொலைபேசியைக் கொண்டு! முதலிரண்டு எழுத்துகள் போயின. அடுத்ததில் எதிர்முனைக் கணினி செயலிழந்துவிட்டது. புதிய வலை வேலை செய்கின்றதா என்பதை அறியப் பழைய வலை தேவைப்பட்டது.

இந்தத் தொலைபேசி விசாரிப்பை இயந்திரமே செய்யும்படி 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் ஒரு சிறு நிரலை எழுதினார். அதற்குப் 'பிங்' என்று பெயரிட்டார். நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியலையை அனுப்பி, அது மோதித் திரும்புவதைக் கேட்டு எதிரே இருப்பதை அறியும். அந்த ஒலியே இப்பெயரின் மூலம். ஒரு பொட்டலத்தை அனுப்பு. எதிராளி அதனைத் திருப்பியனுப்பட்டும். இடையே எத்துணை நேரம் ஆயிற்று என்று கணக்கிடு: அவ்வளவே அதன் வேலை. உங்கள் கல்லூரிக் கணினி அறைகளில் இன்றும் அதனைப் பயன்படுத்துகின்றீர்கள்.

கம்பியின் பின்புறத்தில், அதனைச் செருகும் துளைக்கு அருகே மின்னும் பச்சை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். 1990-இல் வகுத்த ஒரு தர விதியின்படி, அவ்வகைக் கம்பியால் இணைந்த இரு கருவிகளும் செய்தி ஏதும் இல்லாத வேளையிலும் விநாடிக்கு ஏறத்தாழ அறுபது முறை சிறு மின்துடிப்புகளை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டிருந்தன. துடிப்பு நின்றால் விளக்கு அணையும். பழைய அமெரிக்கத் தந்தி முறையை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அதே அறிவு வேறு உடையில் வந்து நிற்கின்றது. பேசாதவனுக்கும் செத்தவனுக்கும் உள்ள வேறுபாடு இவ்வாறு தெரியலாயிற்று.

1995-ஆம் ஆண்டு நமக்குக் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கிற்று. அதற்கு ஒன்பதே நாள் கழித்து, ஆகஸ்டு 24-இல், பணிப்பட்டையைக் கொண்ட 'விண்டோஸ் 95' வெளியாயிற்று. அந்நாளில் இணையம் தொலைபேசிக் கம்பி வழியே மோடம் என்னும் பெட்டியின் மூலம் வந்தது. மோடத்தின் முகப்பில், அனுப்புவதற்கு ஒன்று, பெறுவதற்கு ஒன்று எனச் சிறு விளக்குகள் வரிசையாக இருக்கும். அந்த விளக்குகளின் சாயலையே பணிப்பட்டையின் மூலையில் படமாக வரைந்தனர். பின்வந்த பதிப்புகளில் அது இரு சிறு கணினித் திரைகளாக மாறிற்று; பொட்டலம் போகும்போது ஒரு திரை ஒளிரும், வரும்போது மற்றொன்று ஒளிரும். என் மதிப்பில், இதுவரை வந்த படங்களுள் நேர்மை மிக்கது அதுவே. தான் கண்டதை மட்டும் அது சொல்லிற்று: இவ்வளவு போயிற்று, இவ்வளவு வந்தது. அதற்கு மேல் ஒரு முடிவும் கூறவில்லை.

முடிவு கூறும் பழக்கம் 2004-இல் தொடங்கிற்று. 'விண்டோஸ் எக்ஸ்பி'யின் இரண்டாம் திருத்தத் தொகுப்பில் அந்த மஞ்சள் முக்கோணம் தொடர்புக் குறையைக் காட்ட வந்தது. கணினி வலைக்குள் நுழையும்போது தனக்கு ஒரு முகவரி வேண்டுமென்று கேட்கும். கொடுப்பார் இல்லையெனில், 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றைத் தானே சூட்டிக்கொள்ளும். ஊராட்சி எண் தராத வீட்டுக்காரன் தானே ஓர் எண்ணைக் கதவில் சுண்ணாம்பால் எழுதிக்கொள்வதைப் போன்றது இது, அஞ்சற்காரர் வரமாட்டார். அந்த நிலையில் முக்கோணம் தோன்றும். நம் மூன்று கேள்விகளுள் இரண்டாவதற்குக் கிடைத்த விடை இது.

மூன்றாம் கேள்வியை 2007-இல் வெளியான 'விஸ்டா' எடுத்துக்கொண்டது. உலக உருண்டை அப்போதுதான் அப்படத்தில் ஏறிற்று. உலகம் முழுவதும் எட்டும் என்று ஒரு கணினி எப்படி அறியும்? உலகம் முழுவதையும் கேட்டுப் பார்க்க இயலாது. ஆகவே ஓர் இடத்தை மட்டும் கேட்கின்றது. மைக்ரோசாப்டு நிறுவனம் தன் சேவையகத்தில் ஒரு சிறு ஏட்டை வைத்திருந்தது. அதில் 'மைக்ரோசாப்டு' என்பதும் நான்கெழுத்துச் சுருக்கப்பெயர் ஒன்றும் மட்டுமே எழுதியிருந்தன. ஆங்கிலத்தில் இடைவெளியும் சேர்த்துப் பதினான்கு எழுத்துகள். கணினி அதனைப் பெற்றுவரும். எழுத்துகள் சரியாக இருந்தால் உருண்டையைக் காட்டும். அதனோடு, ஒரு பெயருக்கு உரிய எண்முகவரி சரியாகக் கிடைக்கின்றதா என்றும் பார்க்கும். ஏடு வராவிட்டால் இணையம் இல்லை என்று அறிவிக்கும். இரயில் நிலையங்களில் தொலைபேசி எண் கேட்கும் நுழைவுப் பக்கம் குறுக்கிட்டால், வேண்டிய ஏட்டுக்கு மாறாக வேறொன்று வரும்; வாயிலில் காவலன் நிற்கின்றான் என்பதைக் கணினி அதனால் உணரும். ஆப்பிள் நிறுவனத்தின் கருவிகள் 'வெற்றி' எனப் பொருள்படும் ஒரே ஆங்கிலச் சொல்லை இவ்வாறு தேடுகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளோ 204 என்னும் எண்ணோடு வரும் வெற்று விடையைத் தேடுகின்றன.

சூழ்ச்சி நன்று. ஆனால் நடந்தது யாது? ஓரிடத்திலிருந்து ஏடு வந்தது, அல்லது வரவில்லை, அது மெய். இணையம் உண்டு, அல்லது இல்லை என்பதோ அதிலிருந்து செய்துகொண்ட ஊகம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை விளக்க நம் மலையிலேயே ஒரு சான்று உண்டு. ஜவ்வாது மலையின் காவலூரில், வைணு பாப்பு அவர்களின் முயற்சியால், 1960-களின் இறுதியில் வானாய்வகம் தோன்றிற்று. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி அங்கு அமைந்தது. 1977 மார்ச்சு 10-ஆம் நாள் இரவு யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை ஒட்டிக் கடக்கும்போது, அங்கிருந்த பட்டாச்சாரியா, குப்புசாமி என்னும் இருவர் அவ்விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தனர். எதிர்பாராத வேளையில் ஒளி குறைந்து மீண்டது. அறியப்படாத துணைக்கோள் ஒன்று குறுக்கே வந்திருக்க வேண்டும் என்று அவர்கள் 'நேச்சர்' இதழில் எழுதினர். அதே நிகழ்வை வானூர்தியில் பறந்தபடி ஆய்ந்த அமெரிக்கக் குழுவினரின் அளவீட்டில் கோளின் இருபுறமும் ஒத்த இறக்கங்கள் காணப்பட்டன; யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்பது அதனால் வெளிப்பட்டது. காவலூர்க் கருவி பொய் சொல்லவில்லை. ஒளி குறைந்தது குறைந்ததுதான். ஓரிடத்து ஓரிறக்கத்தைக் கொண்டு துணைக்கோள் என்றும் கருதலாம், வளையம் என்றும் கருதலாம்; பல இறக்கங்களை ஒப்பிட்ட பின்னரே காரணம் துலங்கிற்று.

2020-இல் இவ்வகை ஊகம் பிழைத்த செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. 'விண்டோஸ் 10'-இன் அவ்வாண்டுப் பதிப்பைப் பெற்ற கணினிகள் சிலவற்றில், இணையம் நன்றாக இயங்கும்போதே 'இணையம் இல்லை' என்னும் குறி தோன்றிற்று. உலாவியில் பக்கங்கள் திறந்தன. ஆனால் வேறு சில செயலிகள், தாமே சென்று பாராமல், அந்தக் குறியை உண்டாக்கும் சோதனையின் முடிவை நம்பி வேலை செய்ய மறுத்தன. மனிதர் ஒருவரையொருவர் கேட்டு ஏமாறுவது போல நிரல்களும் ஏமாறுகின்றன என்பது எனக்கு ஒருவகை ஆறுதலாகவே இருந்தது. மைக்ரோசாப்டு நிறுவனம் குறையை ஒப்புக்கொண்டு பின்னர்த் திருத்தியது.

கைப்பேசியின் கோடுகளும் இத்தன்மையவே. எத்துணை வலிமைக்கு எத்தனை கோடு என்பதற்கு எல்லா நிறுவனங்களும் ஏற்ற ஒரே அளவு இல்லை. 2010-இல் 'ஐபோன் 4' பற்றிய முறையீடு எழுந்தபோது, தங்கள் கணக்கு முறை தவறானது என்றும் பலவேளைகளில் இருக்க வேண்டியதைவிட இரண்டு கோடுகள் கூடுதலாகக் காட்டிவந்தது என்றும் ஆப்பிள் நிறுவனமே அறிவித்தது. கோடுகள் அத்தனையும் நிறைந்திருந்தாலும், அவை உங்கள் கைக்கும் கோபுரத்துக்கும் இடைப்பட்ட வழியையே அளக்கின்றன. கோபுரத்திலிருந்து சமவெளி வரை செல்லும் வழி நெரிசலாக இருந்தாலும் அறுந்திருந்தாலும் அக்கோடுகளுக்குக் கவலையில்லை. மலையில் வாழ்வோர் இதனை நன்கு அறிவர்: கோடு நிறைய இருக்கும்; பக்கம் மட்டும் சுழன்றுகொண்டே இருக்கும். மாயக்கண் நினைவுக்கு வருகின்றதா?

இவையெல்லாம் நகரத்து மாணவர்க்குச் சிறு தொல்லைகள். பக்கத்துத் தெருவுக்குப் போனால் வேறு வலை கிடைக்கும். மலையில் அப்படியன்று. 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பின், எங்கள் மலைப் பிள்ளைகள் பலருடைய கைக்கும் பணிப்பட்டை வந்தது. கல்லூரிச் சேர்க்கையும் உதவித்தொகையும் தேர்வுக் கட்டணமும் இணையத்துக்குள் போய்விட்ட காலத்தில், மூலையிலுள்ள அப்படம் 'இல்லை' என்று சொன்னால் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை பேருந்துக்குக் காத்திருந்து, போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ மலையிறங்க வேண்டும். தந்தையின் ஒரு நாள் கூலி அதற்கே போய்விடும்.

பணி ஓய்வுக்குப்பின் ஒருநாள், ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்று பெற மலைமேல் ஓர் இணையச் சேவை மையத்துக்குப் போயிருந்தேன். என்னிடம் படித்த பெண் ஒருத்தி கல்லூரி விண்ணப்பத்தோடு அங்கு நின்றிருந்தாள். அன்றே கடைசி நாள். மையத்தின் இளைஞர் கணினியின் மூலையைச் சுட்டி, "நெட் இல்லை சார், காலையிலிருந்து இப்படித்தான். கீழே போனால்தான் ஆகும்," என்றார். மஞ்சள் முக்கோணம் தெளிவாகத் தெரிந்தது. பிற்பகல் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அது சமவெளி சேரும்போது மையங்கள் மூடியிருக்கும்.

அப்பெண் தயங்கித் தயங்கி, "ஐயா, அந்தப் பக்கத்தின் முகவரியை ஒருமுறை தட்டிப் பார்க்கச் சொல்கிறீர்களா?" என்றாள். இளைஞர் சிரித்தார், ஆயினும் எனக்காகத் தட்டினார். முதலில் வெள்ளைத் திரை. பின்னர் மெல்ல மெல்ல, மேலிருந்து கீழாக, விண்ணப்பப் பக்கம் விரிந்தது. சோதனை ஏடு ஏன் வரவில்லை, விண்ணப்பத் தளம் எவ்வழியே வந்தது என்று அங்கு எவரும் ஆராயவில்லை. ஆராய நேரமும் இல்லை. மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றும் ஒவ்வொன்றாக ஏறின. ஒரு சான்று இருமுறை நின்று, மூன்றாம் முறை ஏறிற்று. கட்டணம் செலுத்தப்பட்டது. ஒப்புகைச் சீட்டு அச்சுப்பொறியிலிருந்து வெளிவந்து அப்பெண் அதனை மடித்து வைத்துக்கொண்ட வேளையிலும், திரையின் மூலையில் அந்த மஞ்சள் முக்கோணம் இருந்தபடியே இருந்தது.